மயக்க மருந்து சேவை: மருந்துக்கு எட்டு, பேச்சுக்கு மூன்று

சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி சென்னையில் போட்டாலும் செய்யாறில் போட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 25 அல்லது 27 கேஜ் ஊசி (கேஜ் எண் கூடினால் ஊசி மெலிது), 0.5 சதவீத ஹெவி புபிவகெயின் என்ற மரக்கவைக்கும் மருந்து இரண்டு மில்லிக்கு முன்பின், சில இடங்களில் கூடவே கொஞ்சம் ஃபெண்டனில் என்ற வலிமருந்து. சில நிமிடங்களில் கால் கனத்துவிடும், பத்து நிமிடத்தில் பிளேடு வைக்கலாம். அரசு ஆஸ்பத்திரியோ கார்ப்பரேட்டோ, மருந்து பாட்டிலில் பெரிய பேதம் கிடையாது. அந்த ஊசிக்கு முன்னும் பின்னும் காதில் விழும் பேச்சில்தான் மலைக்கும் மடுவுக்குமான பேதம்.

இந்த மதிப்பீடு அந்தப் பேச்சைப் பற்றியது. எந்த ஆஸ்பத்திரியின் பெயரும் வராது. கீழே வரும் வாக்கியங்கள் மாநிலம் முழுக்கப் பொதுச்சொத்து, ஒருவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆபரேஷனுக்கு உடம்பு தாங்குமா என்று முன்னதாக ஃபிட்னஸ் பார்க்கும் அறையில் தொடங்கி, தியேட்டர் வாசலில் சொந்தக்காரர்களிடம் சொல்லும் கடைசி வார்த்தை வரை, கட்டத்துக்குக் கட்டம் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருக்கிறோம்.

பேச்சுக்கெல்லாமா மார்க் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 140 நிறைமாதக் கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்தார்கள். முதுகில் தோலை மரக்கவைக்கும் சின்ன ஊசி போடும்போது ஒரு பாதிக்கு ‘பெரிய தேனீ கொட்டினது மாதிரி இருக்கும், இதுதான் இருக்கிறதிலேயே மோசமான கட்டம்’ என்ற பொருளில் சொன்னார்கள். மறுபாதிக்கு ‘இந்த மருந்து அந்த இடத்தை மரக்கவைக்கும், அப்புறம் உங்களுக்கு சௌகரியமா இருக்கும்’ என்றார்கள். ஊசி ஒன்று, மருந்து ஒன்று. முதல் குழு சொன்ன வலி, இடைநிலை அளவில் பத்துக்கு 5. இரண்டாம் குழு, 3. அதற்கும் வெகுமுன்னால், 1964-ல், பாஸ்டனில் 97 வயிற்று ஆபரேஷன் நோயாளிகளிடம் செய்த ஆய்வு இன்னும் கறாரானது. ஆபரேஷனுக்குப் பின் எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், தசையை எப்படித் தளர்த்துவது, எப்படிப் புரண்டு படுப்பது என்று மயக்க மருந்து டாக்டர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த குழுவுக்கு மார்ஃபின் வகை மருந்து பாதி அளவே தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். எந்தப் புது மருந்தாவது இந்த அளவுக்குச் செய்தால், மறுநாளே அதன் ரெப்ரசென்டேடிவ் வாசலில் நிற்பார்.

தமிழில் உள்ள இரண்டு பொறிகள்

முதல் பொறி, மறுப்பு. தமிழ் வினையில் மறுப்பு வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘வலிக்காது’ என்றால் முதலில் ‘வலி’ வந்து மனதில் உட்கார்ந்துவிடுகிறது, ‘க்காது’ அப்புறம்தான் வந்து அதை எழுப்பப் பார்க்கிறது. ‘பயப்படாதீங்க’ என்பதில் பயம் முன்னால், ஆறுதல் பின்னால். மேஜையில் வெளிச்சத்துக்குக் கீழே படுத்து, பாதி வார்த்தையே காதில் ஏறும் நிலையில் இருப்பவருக்கு முன்பாதி மட்டும் போய்ச் சேர்கிறது. ‘அசையாதீங்க’ என்று கத்தும்போது பலரும் முதலில் அசைவது இதனால்தான் என்பது எங்கள் கணிப்பு. மாற்று எளிது: வேண்டாததைச் சொல்லாமல் வேண்டியதைச் சொல்வது. ‘அசையாதீங்க’ போய் ‘இப்படியே இருங்க, ரொம்ப நல்லா இருக்கு’. ‘பயப்படாதீங்க’ போய் ‘நான் உங்க தலைமாட்டுலயேதான் இருப்பேன்’.

இரண்டாவது பொறி, ‘மயக்கம்’ என்ற சொல்லே. வெயிலில் நின்று தலைசுற்றி விழுந்தாலும் மயக்கம். முழு அனஸ்தீசியாவில் நினைவு தப்பினாலும் மயக்கம். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போனாலும் மயக்கம். ‘முதுகுல மயக்க ஊசி போடுவோம்’ என்று சொல்லிவிட்டுப் போனால், கேட்ட பெண் தூங்கிவிடப் போகிறோம் என்றுதான் நினைப்பார். மேஜையில் படுத்த பிறகும் பேச்சு கேட்கிறது, விளக்கு தெரிகிறது, வயிற்றில் யாரோ கை வைப்பதும் தெரிகிறது. ‘ஐயோ, எனக்கு மயக்கம் ஏறலை’ என்று அலறுகிறார். பிளாக், அதாவது மரப்பு, உண்மையில் நெஞ்சு வரை கச்சிதமாக ஏறியிருக்கும். அலறலைக் கேட்டு ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட்டால் குழந்தையின் முதல் அழுகை தாய்க்குக் கிடைக்காமல் போகிறது. பிரிட்டனில் 2014-ல் வெளியான, ஆபரேஷன் நடுவில் தற்செயலாக விழிப்பு வருவதைப் பற்றிய தேசியத் தணிக்கையிலும் இதே குழப்பம் பதிவாகியிருக்கிறது. ‘ஆபரேஷன் நடுவுல முழிச்சுட்டேன்’ என்று புகார் சொன்னவர்களில் ஒரு பங்கினருக்கு முழு மயக்கமே திட்டமிடப்படவில்லை, லேசான தூக்க மருந்துதான். அதை அவர்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே முதுகில் போடுவதை ‘மரப்பு ஊசி’ என்றே அழைக்கலாம். மரத்துப்போவது எல்லாருக்கும் தெரிந்த அனுபவம், கால் மடக்கி உட்கார்ந்து எழுந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ‘கால் செத்துப்போயிடும்’, ‘கால் வராது’ இரண்டையும் தியேட்டருக்கு வெளியே விட்டுவிட வேண்டும். பக்கத்து வீட்டில் வாதம் வந்து படுத்தவரைப் பார்த்தவர்களுக்கு அவை வேறு அர்த்தம் தரும்.

ஃபிட்னஸ் அறை: 4

இங்கே அதிகம் கெடுவது பட்டினி பற்றிய வாக்கியம். ‘நைட்டு பன்னெண்டு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடாதீங்க’ என்பது இரண்டு விதமாகத் தவறும். ஒருவர் காலையில் பால் காபி குடித்துவிட்டு, ‘சாப்பிடலைங்க, காபிதான் குடிச்சேன்’ என்பார். இன்னொருவர் தண்ணீரும் குடிக்காமல், பிரஷர் மாத்திரையும் போடாமல், பதினொரு மணி கேஸுக்கு வாய் காய்ந்து வந்து சேர்வார். திட உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது நடைமுறை. காலை எட்டு மணி கேஸ் என்றால் அதை இப்படிச் சொன்னால் தவற வழியில்லை: ‘ராத்திரி பன்னெண்டுக்கு மேல சோறு, இட்லி, பிஸ்கட், பால், காபி, டீ எதுவும் வேண்டாம். வெறும் தண்ணி மட்டும் காலைல ஆறு மணி வரைக்கும் குடிக்கலாம். இந்த மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணியில போடுங்க, அந்த மாத்திரையை நாளைக்கு விட்டுடுங்க.’ மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிக் காட்டியே சொல்ல வேண்டும்.

காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம். வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பது பயமுறுத்தும் வாக்கியம்தான், ஆனால் தேவையான பயம். அது தெரியாதவர்தான் காலையில் இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு ‘இல்லை’ என்பார்.

அடுத்தது கையெழுத்து. ‘டேபிள்லயே என்ன வேணா ஆகலாம், போடுங்க’ என்று சொல்லிப் பேனாவை நீட்டுவது இங்கே சகஜம். அதில் தகவல் ஒன்றுமே இல்லை. எது நடக்கலாம், எவ்வளவு அபூர்வம், நடந்தால் என்ன செய்வீர்கள் என்ற மூன்றும் காணோம். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டதும் நோயாளி தானே முடிவெடுக்கப் போதுமான தகவலைத்தான். பயமுறுத்தலைத் தகவல் என்று யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மரப்பு ஊசிக்குப் பின் வரும் தலைவலியையே எடுத்துக்கொள்வோம். ‘தலைவலி வரும்’ என்று மட்டும் சொன்னால் ஒரு விளைவு. ‘நூத்துல தொண்ணூத்தொன்பது பேருக்கு இது வர்றதில்லை. உட்கார்ந்தா, நின்னா தலை வலிச்சு, படுத்தா சரியாப்போச்சுன்னா அது இந்த ஊசியால வந்தது. மாத்திரையில அடங்கும், அடங்கலைன்னா அதுக்குத் தனி வைத்தியம் இருக்கு. உடனே சொல்லிடுங்க’ என்றால் வேறு விளைவு. பென்சில்முனை ஊசி வைத்திருக்கும் தியேட்டரில் இந்தக் கணக்கு நியாயமானது; முனை வெட்டப்பட்ட பழைய குவின்கி ஊசி என்றால் எண்ணைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். கூடவே, ‘தலையணை வைக்கக்கூடாது, ஒரு நாள் முழுக்கத் தலையைத் தூக்கக்கூடாது’ என்ற மிரட்டலைக் கைவிடலாம். படுத்தே கிடப்பது இந்தத் தலைவலியைத் தடுப்பதில்லை என்று தெரிந்து பல காலமாகிறது. வார்டில் இன்னும் அது வேதவாக்கு.

‘இந்த ஊசி போட்டா காலத்துக்கும் முதுகுவலி’ என்பதை ஆஸ்பத்திரி சொல்வதில்லை. அத்தை சொல்வார், பக்கத்துப் படுக்கை சொல்லும். பிரசவத்துக்குப் பின் முதுகுவலி ஊசி போடாதவர்களுக்கும் வருகிறது. நாள்பட்ட முதுகுவலிக்கு இந்த ஊசி காரணம் என்று ஆய்வுகளில் நிற்கவில்லை. கேட்டால்தான் பதில் என்று காத்திருக்காமல் இதை முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். கேட்காதவர்தான் அதிகம் நம்புகிறார்.

நேரம் முக்கியம். பயம் தரும் தகவல் எல்லாம் முந்தின நாள், நோயாளி உட்கார்ந்திருக்கும்போது, கூட ஒருவர் இருக்கும்போது சொல்ல வேண்டியவை. மேஜையில் படுக்கவைத்த பின் சொல்வது ஒப்புதல் ஆகாது, திகில் மட்டும் மிஞ்சும்.

வென்ஃப்ளான்: 5

ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் போடும் வென்ஃப்ளான், பச்சை நிற 18 கேஜ் என்றால் ஊசி தடிமன்தான், குத்தும்போது தெரியவே செய்யும். ‘சுருக்குனு குத்தும்’, ‘எறும்பு கடிக்கிற மாதிரி’ இரண்டும் நல்லெண்ணத்தில் சொல்வது. ஆனால் சொல்லாமல் குத்துவதும் சரியல்ல, திடுக்கிட்டுக் கை இழுத்தால் ரத்தக்குழாய் தவறிவிடும். நடப்பதை மட்டும் வரிசையாகச் சொல்லலாம்: ‘கையில பட்டை கட்டுறேன், இறுக்கமா இருக்கும். ஸ்பிரிட் தடவுறேன், சில்லுனு இருக்கும். இப்ப ட்ரிப்ஸ் லைன் போடறேன், கால் விரலை மடக்கி மடக்கி நீட்டுங்க.’ ‘இறுக்கம்’, ‘சில்லுனு’, ‘கனம்’, ‘கதகதப்பு’ எல்லாம் உண்மையான உணர்ச்சிச் சொற்கள், பொய் எதுவும் இல்லை. வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், இன்சுலின் ஊசியில் கால் மில்லிக்கும் குறைவான லிக்னோகெயின் என்ற மரக்கவைக்கும் மருந்தைத் தோலடியில் முன்னாலேயே போட்டுவிட்டால் 18 கேஜ் ஒரு பிரச்சினையே இல்லை. அதைச் செய்யும் இடங்கள் குறைவு என்பதால்தான் ஐந்து.

குத்தி முடித்தபின் ‘பாவம், ரொம்ப வலிச்சிருச்சா?’ என்பதும் உதவுவதில்லை. 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தக்குழாய், சிறுநீரக நடைமுறைகளுக்கு வந்தவர்களிடம் பேசியதை வீடியோவில் பதிந்து எண்ணிப் பார்த்தார்கள். ‘இப்ப வலிக்கும்’ என்று எச்சரித்தபோது வலியும் பதற்றமும் கூடின. பிறகு அதே சொற்களில் அனுதாபப்பட்டபோது வலி கூடவில்லை, பதற்றம் கூடியது.

முதுகு: 3

பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்தச் சேவையின் சோதனைக்களம் இதுதான். நிறைமாத வயிறோடு மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, முதுகை வில்லாக வளைத்து, பின்னால் நடப்பதைப் பார்க்க முடியாமல் ஐந்து நிமிடம். ‘வளைங்க, நல்லா வளைங்க, இன்னும், ம்ஹூம், அப்படியில்லை’ என்று மூன்று பேர் மூன்று திசையிலிருந்து சொல்வார்கள். எப்படி வளைவது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். சரியான வழிமுறை நான்கு துண்டு: தலையணையைக் கட்டிப்பிடிங்க, காலை ஸ்டூல் மேல வைங்க, நாடியை நெஞ்சோட சேர்த்துக்கங்க, தோளை லூஸா விட்டு, நான் விரல் வைக்கிற இடத்தை என் விரல் மேல தள்ளுங்க. கடைசித் துண்டுதான் சாவி. விரல் வைத்துக் காட்டியதும் முதுகெலும்புகளுக்கு நடுவே இடைவெளி தானாக விரியும். பயந்து நிமிர்ந்தால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும், ஊசி எலும்பில் இடிக்கும், மறுபடி குத்த வேண்டும். ஆக இங்கே ஒரு மோசமான வாக்கியத்தின் விலை, இரண்டாவது குத்து.

பேசுவது ஒருவராக இருக்க வேண்டும். பின்னாலிருக்கும் டாக்டர் பேசினால் முன்னால் தோளைப் பிடித்திருக்கும் சிஸ்டர் சும்மா இருக்க வேண்டும், அல்லது அவர் பேசட்டும், இவர் வேலை செய்யட்டும். தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும்: ‘கை வைக்கிறேன்’, ‘மருந்து தடவுறேன், சில்லுனு இருக்கும்’, ‘இப்ப தோலை மரக்கவைக்கிற மருந்து’, ‘இப்ப அழுத்தம் மட்டும் தெரியும்’. ஈரப்பஞ்சு திடீரென்று முதுகில் பட்டதும் துள்ளுகிற நோயாளியைத் திட்டுவதில் அர்த்தமில்லை, அந்தத் துள்ளல் சொல்லாததன் பலன்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. ‘கால்ல ஷாக் அடிச்ச மாதிரி வந்தா, இருந்த இடத்துலயே இருந்துக்கிட்டு, எந்தக் கால்னு வாயால சொல்லுங்க.’ ஊசி நரம்பைத் தொட்டால் வரும் அறிகுறி அது, அப்போது மருந்தைச் செலுத்தக்கூடாது. இனிமையாகப் பேச வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்புத் தகவலை விழுங்குபவர்களுக்கு மதிப்பெண் குறையும்.

‘இந்தாம்மா, திரும்பு, படு’ என்ற ஒருமையும் இங்கேதான் அதிகம் விழுகிறது. ‘ம்மா’ ஒட்டினால் ஒருமை மரியாதை ஆகிவிடாது. ஐம்பது வயதுக்காரரை இருபத்தைந்து வயதுக்காரர் ‘படு’ என்றால் அவர் அதற்கப்புறம் வாய் திறக்கமாட்டார். வலித்தாலும் சொல்லமாட்டார், குமட்டினாலும் சொல்லமாட்டார். ‘படுங்க’ என்பதில் கூடுவது இரண்டே எழுத்து.

மேஜை மேல்: 2

படுக்கவைத்ததும் சொல்ல வேண்டியது நிறைய, சொல்வது சொற்பம். கையில் பெல்ட் நிமிடத்துக்கு ஒருமுறை இறுகும். அது பிரஷர் பார்க்கும் கருவி என்று யாரும் சொல்லாததால் ஒவ்வொரு இறுக்கத்துக்கும் நெஞ்சு படபடக்கும். கைகளைப் பலகையில் கட்டுவார்கள். ‘ட்ரிப்ஸ் கழண்டுடாம இருக்கத் துணி சுத்துறோம்’ என்றால் அது உதவி. சொல்லாமல் கட்டினால் சிறை. ‘அந்த டிங் டிங் சத்தம் உங்க நாடித்துடிப்பு, சீராப் போகுது’ என்ற ஒரு வாக்கியம் கிட்டத்தட்ட இலவச மருந்து.

பிளாக் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும்போது ஊசி முனையால் குத்தி ‘வலிக்குதா, வலிக்குதா?’ என்று கேட்பது பழைய பழக்கம். ஸ்பிரிட் பஞ்சை முதலில் தோள்பட்டையில் வைத்து ‘இது சில்லுனு இருக்கா?’, பிறகு இடுப்பிலிருந்து மேல்நோக்கி வைத்துக்கொண்டே ‘இங்க எப்படி இருக்கு? எங்க வந்ததும் தோள்ல மாதிரியே சில்லுனு ஆகுதோ அங்க சொல்லுங்க’ என்றால் துல்லியமும் கிடைக்கும், பயமும் வராது. சிசேரியனுக்கு மார்புக்காம்பு மட்டம் வரை குளிர்ச்சி தெரியாமல் இருக்க வேண்டும்.

பிளாக் சரியாக இருந்தாலும் தொடுவதும் இழுப்பதும் தெரியும் என்பதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வலியையும் குளிரையும் கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகள் எளிதில் மரக்கும். தொடு உணர்ச்சி, அழுத்தம் கொண்டுபோகும் தடித்த இழைகள் அவ்வளவு எளிதில் மரக்காது. ‘வயித்துல மாவு பிசையற மாதிரி தெரியும். குழந்தை வெளிய வர்ற நேரத்துல நெஞ்சுக்குக் கீழ ஒரு நிமிஷம் நல்லா அழுத்துவாங்க, மூச்சு கனமா இருக்கும், அப்புறம் சரியாயிடும்.’ இதைக் கேட்டவர் அழுத்தும்போது குழந்தை வரப்போகிறது என்று நினைக்கிறார். கேட்காதவர் தன் மேல் யாரோ ஏறி நிற்பதாக நினைக்கிறார்.

நெஞ்சுக்கூடு மரத்துவிட்டால் மூச்சு போய்வருவது உணர்வில் தெரியாது. உடனே ‘மூச்சு விட முடியலையா?’ என்று பதறிக் கேட்டால், முடிந்துகொண்டிருந்தவருக்கும் முடியாமல் போகும். ‘என் கையை இறுக்கிப் பிடிங்க, உங்க பேரைச் சொல்லுங்க’ என்றால் பிடியின் வலுவிலும் குரலிலும் பிளாக் எவ்வளவு மேலே போயிருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிந்துவிடும், கேள்வி சோதனையாகவே முடிந்துவிடும். குமட்டலும் இதே கதை. வாந்தி ட்ரேயை முகத்துக்கு நேரே நீட்டி ‘வாந்தி வருதா?’ என்றால் வரும். ‘உடம்புல ஏதாவது வேற மாதிரி தோணினா சொல்லுங்க’ போதும். தோன்றியது என்றால் முதலில் பிரஷரைப் பார்த்து, அதை ஏற்றும் ஃபினைலெப்ரின் மருந்தைக் கொடுக்க வேண்டும். இந்தக் குமட்டலுக்குப் பெரும்பாலும் காரணம் பிரஷர் இறக்கம். அங்கே சொல்லால் ஆவது ஒன்றுமில்லை.

இரண்டு மதிப்பெண்தான் கொடுத்ததற்குக் காரணம் ஒரே வாக்கியம்: ‘அது வலி இல்லம்மா, இழுக்குறதுதான்.’ இனிய சொல்லின் பெயரால் நடக்கும் ஆகப் பெரிய அநியாயம் இது. பிளாக் குறைந்தோ பக்கம் மாறியோ இருந்தால் உண்மையாகவே வலிக்கும், கத்தி போட்ட இடம் வலிக்கும். வலி என்று சொல்பவரிடம் அது வலி அல்ல என்று விளக்கம் சொல்ல மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு உரிமையில்லை. சிசேரியன் நடுவே வலி வருவது பற்றி 2022-ல் வெளியான பிரிட்டிஷ் வழிகாட்டி சொல்வதும் அதே: தாய் சொன்னால் நம்பு, ஒப்புக்கொள், செயல்படு. சொல்ல வேண்டியது இது: ‘வலிக்குதா, சரி. நிறுத்தச் சொல்லிட்டேன். இப்ப மருந்து தர்றேன். அதுலயும் சரியாகலைன்னா முழுசாத் தூங்க வச்சிடுவோம், குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது.’ சர்ஜன் கையை எடுக்க வேண்டும், டாக்டர் மருந்தை எடுக்க வேண்டும், அப்போதுதான் அந்த வாக்கியத்துக்குப் பொருள்.

தலைக்கு மேலே நடக்கும் ஆங்கிலப் பேச்சு தனி. ‘பிரஷர் டவுன்’, ‘பிளீடிங் அதிகம்’, ‘ஃபெயிலியர்’, ‘போச்சு போச்சு’ எல்லாம் எட்டாவது படித்தவருக்கும் புரியும். சத்தத்தைக் குறைத்துச் சொன்னால் இன்னும் நன்றாகக் காதில் விழும். நிலைமை மோசமானால் ஒருவர் நோயாளியின் காதருகே குனிந்து ‘ரத்தம் கொஞ்சம் கூடப் போகுது, அதுக்கு மருந்து கொடுத்துக்கிட்டிருக்கோம், நான் இங்கயேதான் இருக்கேன்’ என்று சொல்வது மறைப்பதைவிட நல்லது.

முழு மயக்கம்: 5

முகத்தில் மாஸ்க்கை அழுத்தும் மூன்று நிமிடம் பலருக்கும் மூச்சுமுட்டல். ‘இது சுத்தமான ஆக்சிஜன், உடம்புல இருப்பு சேர்த்துக்கிறோம், நிதானமா இழுத்து விடுங்க’ என்றால் போதும். ‘கடைசியா ஒரு மூச்சு நல்லா இழுத்து விடுங்க’ என்று மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம், தமிழில் அதற்கு வேறு பொருள். தூங்கவைக்கும் மருந்தான ப்ரோபோஃபால் ஏறும்போது கை எரிவது நிஜம். ‘எரியும்’ என்பதற்கு ‘கை கதகதப்பா, கனமா தெரியலாம்’ என்பது மாற்று. ஆனால் புறங்கையின் மெல்லிய ரத்தக்குழாயை விட்டு முழங்கை மடிப்பிலிருக்கும் பெரிய ரத்தக்குழாயில் போட்டாலோ, பட்டை கட்டி 40 மில்லிகிராம் லிக்னோகெயினை முன்னால் விட்டாலோ வார்த்தைக்கு வேலையே குறைவு.

விழிப்பைப் பற்றி முந்தின நாளே சொல்லாததுதான் இங்கே பெரிய குறை. ‘நீங்க முழிக்கும்போது தொண்டையில டியூப் இருக்கலாம், பேச்சு வராது. கண்ணைத் திறங்க, நாக்கை நீட்டுங்கன்னு சத்தமாச் சொல்வோம். நல்லா மூச்சு விட்டதும் டியூபை எடுத்துடுவோம், தொண்டை ஒரு நாள் கரகரன்னு இருக்கும்.’ இந்த மூன்று வரி தெரிந்தவருக்கு அந்தக் கத்தல் வழிகாட்டல், தெரியாதவருக்குக் கெட்ட கனவு. மயக்கத்தில் இருப்பவர் காதில் ஒன்றும் விழாது என்ற நம்பிக்கையும் அவ்வளவு பத்திரமானதல்ல. ஜெர்மனியில் ஐந்து மருத்துவமனைகளில் 385 பேருக்கு, முழு மயக்கத்தில் இருக்கும்போதே இயர்போன் வழியாக இசையோடு ஆறுதல் சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார்கள் அல்லது வெறும் இயர்போன் மாட்டிவிட்டார்கள். 2020-ல் வெளியான முடிவு: சொற்களைக் கேட்டவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் தேவைப்பட்ட ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) 34 சதவீதம் குறைவு. தூங்கும் நோயாளியின் எடையைப் பற்றிக் கிண்டலடிப்பவர்கள் இதைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

குழந்தைகள்

இங்கே பாதித் தப்பு வீட்டில். ‘சாப்பிடலைன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்’ என்று நான்கு வருஷம் சொல்லி வளர்த்த பிள்ளையைத்தான் தியேட்டருக்குக் கொண்டுவருகிறோம். ‘ஊசியே கிடையாது கண்ணு’ என்று பொய் சொல்லிக் குத்தினால், அடுத்த முறை மாத்திரைக்கும் வாய் திறக்காது. கையில் மரக்கும் கிரீமைத் தடவி மூடி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, ‘மேஜிக் கிரீம், கை தூங்கிருச்சா பாப்போம்’ என்பது உண்மையும் கூட. மதிப்பெண் ஆறு, கிரீம் இருப்பில் இருந்தால்.

ரெக்கவரி: 3

ஆபரேஷன் முடிந்தபின் கண்காணிக்கும் இந்த அறையில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ‘வலிக்குதா?’ ‘பத்துக்கு எவ்வளவு?’ பள்ளி மதிப்பெண்ணில் வளர்ந்த ஊரில் பத்துக்குப் பத்து என்பது நல்ல செய்தி. ஜீரோ எது, பத்து எது என்று சொல்லாமல் கேட்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், சிசேரியன் முடிந்த 300 பெண்களில் ஒரு பாதியிடம் வலி எவ்வளவு என்றும் மறுபாதியிடம் சௌகரியம் எவ்வளவு என்றும் கேட்டார்கள். சௌகரியம் கேட்கப்பட்டவர்கள் அதே உணர்வைப் புண் ஆறுவதாகப் பார்த்தார்கள், தொந்தரவாகப் பார்ப்பது குறைந்தது. தமிழில் ‘சௌகரியமா இருக்கீங்களா?’ கொஞ்சம் கல்யாண வீட்டு உபசாரம் போல ஒலிக்கும். ‘இப்ப எப்படி இருக்கு? புரண்டு படுக்க முடியுதா? இருமினா எப்படி இருக்கு?’ என்பது பேச்சுவழக்குக்கு ஒட்டும். இருமலும் புரள்வதும் முடியவில்லை என்றால் எண் என்னவாக இருந்தாலும் மருந்து தர வேண்டும். வலி என்ற சொல்லைத் தவிர்ப்பது மருந்தைத் தவிர்க்க ஒரு வழியாகிவிடக்கூடாது.

கால் திரும்ப அசையும் நேரத்தையும் சொல்லி வைக்கலாம்: ‘முதல்ல கட்டைவிரல் அசையும், அப்புறம் முட்டி, இரண்டு மூணு மணி நேரத்துல முழுசா வந்துடும்.’ நான்கு மணி நேரமாகியும் வரவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதை வார்டு சிஸ்டரிடமும் சொல்ல வேண்டும்.

தியேட்டர் வாசல்: 1

கதவு பாதி திறக்கும், முகமூடியோடு ஒரு தலை எட்டிப் பார்க்கும், ‘ரேவதி அட்டெண்டர் யாரு? முடிஞ்சிடுச்சு’ என்று சொல்லி மூடிக்கொள்ளும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்த ‘முடிஞ்சிடுச்சு’ எந்த அர்த்தத்தில் போய்ச் சேரும் என்று யோசித்தவர்கள் மிகக் குறைவு. ‘அவ்வளவுதான்’, ‘எடுத்துட்டாங்க’ இரண்டும் அதே ரகம். வாசலில் நிற்பவர் சொல்ல வேண்டியது மொத்தம் நான்கு விஷயம், இதே வரிசையில்: ‘ரேவதி நல்லா இருக்காங்க, பேசுறாங்க. பெண் குழந்தை, நல்லா அழுதுச்சு. ஆபரேஷன் நடந்துட்டிருக்கு, தையல் போடறாங்க. இன்னும் முக்கால் மணி நேரத்துல ரெக்கவரில பார்க்கலாம்.’